ஒவ்வொரு வருஷமும் நாலு விரல்

என் அம்மாவுக்கு,

யாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லாமல் நீயே படிக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்தையும் பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். பைபிளை எழுத்துக் கூட்டிப் படிப்பாயே, அந்த வேகத்தில் படி. அவசரம் ஒன்றுமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். நைனா நேற்றே கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டார். மாம்பழ சீசன், கூழ் ஃபாக்டரியில் லாரி லாரியாகக் காய் வந்து இறங்குகிறது. ஆனாலும் ஒரு ஷிஃப்டை விட்டுவிட்டுப் போய் அடித்துவிட்டு வந்தார். அவர் சட்டையில் எப்போதும்போல மாம்பால் கறை. என்ன துவைத்தாலும் போகவில்லை என்று நீ திட்டுவாய். இப்போது அவரே துவைத்து அவரே திட்டிக்கொள்கிறார்.

எனக்கு எம்.ஏ. பரீட்சை முடிந்தது. திருப்பதி விடுதியைக் காலி செய்துவிட்டுச் சித்தூருக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஜூலையில் இங்கேயே ஒரு ஜூனியர் காலேஜில் வேலைக்குச் சேர வேண்டும். வந்ததும் செய்த முதல் காரியம், நீ எனக்கென்று வாங்கிப் போட்ட பச்சை பீரோவைத் திறந்ததுதான். கிட்டத்தட்ட இருபது உடுப்பு. எல்லாம் புதுசு மாதிரியே இருக்கின்றன. ஒன்றுகூட என் அளவில்லை.

இதையெல்லாம் என்ன செய்வது என்று நைனாவைக் கேட்டேன். "உங்கம்மாவ கேளு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா? எப்படியும் கேட்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு வருஷம் உன்னிடம் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் சொல்லியே ஆகவேண்டிய ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உனக்குத் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் பொறுத்துக்கொள், இதை வேறு சிலரும் படிப்பார்கள்.

நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது நான் ஆறாம் வகுப்பு. புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் பூக்கட்டும் நூலை எடுத்துவந்து என்னைச் சுவரோடு நிறுத்தினாய். தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நூல், மார்பைச் சுற்றி ஒரு நூல். இடுப்பு வந்த இடத்தில் முடிச்சு. குவைத்துக்குப் போகிற அம்மாக்கள் எல்லோரும் அப்போது இதைத்தான் செய்தார்கள். வளையலுக்கு ஒரு நூல், செருப்புக்குக் காகிதத்தில் பாதத்தைச் சுற்றி ஒரு கோடு.

"நேரா நில்லு கண்ணு. வவுத்த எக்காத."

"இது இன்னாத்துக்குமா?"

"உன்ன இட்டுக்கினு போவ முடியாது. உன் அளவயாச்சும் எடுத்துக்கினு போறேன்."

நூலைச் சுருட்டிப் பைபிள் உறைக்குள் வைத்துக்கொண்டாய். நான் அழவில்லை. ஏரோப்ளேனில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் கிறிஸ்துமஸுக்கு மேரியக்கா லீவில் வந்தபோது அவரிடம் அட்டைப் பெட்டி கொடுத்துவிட்டாய். நம் தெருவிலிருந்து உனக்கு முன்னாலேயே குவைத்துக்குப் போனவர் அவர். பெட்டியில் ரோஸ் கலர் கவுன், பால் பவுடர், சோப்பு, கூடவே ஒரு கேசட். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரைக் கேட்டு வாங்கிப் போட்டோம்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நல்லா கீறீங்களா? நான் நல்லா கீறேன். எஸ்தரு, கவுன பாத்தியா? அதுல முத்து மாரி கீதே, அது வெறும் பிளாஸ்டிக்கு, ஆனா நெஜ முத்தாட்டம் கீது. கடைல நீலம் ஒண்ணு, ரோசு ஒண்ணு தொங்கிக்கினு இருந்திச்சி. மேடம் நீலந்தான் நல்லா கீதுன்னாங்க. எம்பொண்ணு கலருக்கு ரோசுதான்னு சொல்லிட்டேன். நூலுக்கு மேல நாலு விரலு சேத்து எடுத்துகீறேன். வளர்ற புள்ள. கரெக்டா கீதான்னு சொல்லு கண்ணு."

இப்படியே கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்தக் கவுன். மறுபக்கம் நான் சரியாகத் துன்னுகிறேனா, நைனா சரியாகத் துன்னுகிறாரா. நீ என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், உடம்புக்கு எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை இல்லை.

கவுன் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கோயிலில் எல்லோரும் வளர்கிற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாகப் போய்விடும் என்றார்கள். நைனா கேசட்டில் பேசும்போது நானும் பக்கத்தில் போய், "கரெக்டா கீதுமா" என்று சொன்னேன். அடுத்த வருஷம் அது சரியாகப் போவதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது. நூலில் இன்னொரு நாலு விரல்.

எட்டாம் வகுப்போடு நான் வளர்வதை நிறுத்திக்கொண்டேன், அம்மா. நைனாவின் வாகு. நூல் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் நான் கரெக்ட் என்று சொன்னேன், ஒவ்வொரு வருஷமும் நீ நாலு விரல் கூட்டினாய். பத்தாம் வகுப்பில் வந்த சுடிதாரின் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. இன்டர் இரண்டாம் வருஷத்தில் வந்ததில் கழுத்து வழியாகவே நான் முழுதாக வெளியே வந்துவிடலாம்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டாய். அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உடுப்பு பெரிதாக இருக்கிறது என்று சொன்னால் நான் வளரவில்லை என்று ஆகிவிடும். நான் வளரவில்லை என்றால் சோறு சரியாகப் போடவில்லை என்று ஆகிவிடும். நைனாவோ விடியற்காலை எழுந்து, சோற்றைக் குழைய விட்டு, குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டு, எனக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுவார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனசில்லை. இரண்டையும் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் போதும் என்று நினைத்தேன்.

நீ போட்டோ கேட்டாய். அதற்கும் வழி இருந்தது. சித்தூர் ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். உடுப்பை முதுகுப் பக்கமாக இழுத்துப் பிடித்து வரிசையாகத் துணி கிளிப் போட்டுவிடுவார். கேமராவுக்குத் தெரிவது அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பெண். முதுகில் ஏழெட்டுக் கிளிப்போடு நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை, "பக்கத்துல யாரும் நிக்காதீங்க, பொண்ணு உயரமாத் தெரியட்டும்" என்று நைனாவை அவரே தள்ளி நிற்கச் சொன்னார்.

டிகிரிக்குத் திருப்பதி வந்தேன். விடுதியில் ஒரு அறைக்கு மூன்று பேர், ஒரே அலமாரி. என் பங்கு நிரம்பி வழியும். குவைத் துணி என்றால் அப்போது தனி மவுசு. கடைகளில் ரெடிமேட் சுடிதார் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. பாதிப் பெண்கள் இன்னும் பாவாடை தாவணியில்தான் இருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பேன். திறந்து வைத்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். யாருக்காவது வெறும் பெருமைக்குச் சொந்தக்காரியாக இருக்கத் தெரியும் என்றால் அது எனக்குத்தான். போட்டுக்கொண்டு திரிந்ததெல்லாம் பள்ளிக்கூடக் காலத்துப் பழைய சுடிதார் இரண்டு.

அறையில் இருந்த லலிதா மதனப்பள்ளிப் பக்கம். தெலுங்குப் பெண், நல்ல உயரம், நல்ல வாகு. ஒருநாள் விளையாட்டுக்கு உன் நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கென்றே எடுத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நாலு உடுப்பு அவள் பக்கம் போயிற்று.

அப்புறம் நீ வந்தாய். ஏழு வருஷத்தில் முதல் லீவு. சென்னையில் இறங்கி, சித்தூருக்குப் போவதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று நைனாவோடு நேராகத் திருப்பதி பஸ் ஏறியிருக்கிறாய். வாட்ச்மேன் வந்து என்னைக் கூப்பிட்டார். நான் துவைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வருவதற்குள் லலிதா டியூஷனுக்குக் கிளம்பி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். உன் நீலச் சுடிதாரில்.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த நீ அந்த நீலத்தைப் பார்த்தாய். அவள் நோட்டீஸ் போர்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாய். "எங்கண்ணு, எவ்ளோ பெருசா வளந்துட்ட" என்று அவள் முதுகில் முகத்தை வைத்து அழுதாய்.

நான் கடைசிப் படியில் நின்றிருந்தேன்.

"ஆன்ட்டி, எஸ்தர் நேனு காது" என்று தெலுங்கில் மறுத்தாள் லலிதா, உன் கையை மெல்ல எடுத்துவிட்டு. "அதிகோ, அக்கட உந்தி" என்று படியில் நின்ற என்னைக் காட்டினாள்.

நீ திரும்பினாய். உன் கண் முதலில் என் தலைக்கு மேலே எங்கேயோ தேடியது. பிறகுதான் கீழே இறங்கி என்னிடம் வந்தது. அந்த ஒரு நொடியை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நீ ஏழு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த பெண் வேறொருத்தி. அவளை உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன்.

என்னை இழுத்து அணைத்துக்கொண்டாய். லலிதாவைப் பார்த்து, "உனுக்கு நல்லா கீதும்மா. நீயே வச்சிக்கோ" என்று சிரித்தாய். சித்தூர் பஸ்ஸில் முழு வழியும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பார்த்த பிறகுதான் ஆரம்பித்தாய்.

"ஏழு வருசமா நான் யாருக்குடி எடுத்தேன்?"

"அம்மா, சும்மாதான்..."

"கடைல நின்னுகினு, இந்தக் கை அவளுக்குப் பத்துமா, இந்த இடுப்பு பத்துமான்னு ஒவ்வொண்ணா எடுத்து என் மேல வச்சிப் பாப்பேன். கடைக்காரன் சிரிப்பான். நீ கரெக்டா கீதுன்னு சொல்லுவ. பெருசா கீதுன்னு சொல்ல உனுக்கு வாயில்லியா?"

"அவ இன்னா பண்ணுவா" என்றார் நைனா. "நீ வருத்தப்படுவேன்னுதான்."

"நான் வருத்தப்பட்டாத்தான் இன்னா? அங்க எனுக்கு வருத்தப்படக்கூட இங்கேர்ந்து ஒரு விசயம் வரல."

அந்த வார்த்தையை அன்று நான் கவனிக்கவில்லை. இப்போது அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் இருந்தாய். திரும்பிப் போவதற்கு முன் டெய்லரின் டேப்பை வாங்கிவந்து அளவெடுத்தாய். நம்பரைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாய். "இனிமே பொய் சொன்னே, அங்கேர்ந்தே வந்து அடிப்பேன்" என்றாய்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மேரியக்கா கொண்டுவந்த பெட்டியில் ஒரே ஒரு உடுப்புதான் இருந்தது. பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்ட சுடிதார். கேசட்டில், "இந்தத் தடவ நம்பரக் காட்டி எடுத்தேன். வுடாம மூணு கடை ஏறி எறங்கினேன். இப்ப உண்மையச் சொல்லு, கரெக்டா கீதா?" என்று கேட்டிருந்தாய். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அதைத்தான் போட்டேன். ஊக்கு இல்லை, கிளிப் இல்லை. தோள் தையல் என் தோளிலேயே உட்கார்ந்திருந்தது. பிரசங்கம் முழுவதும் அந்தத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் கேசட் அனுப்புவதற்குள் கல்லூரி முகாம் வந்துவிட்டது. நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பத்து நாள். ரோடு போட்டோம், கால்வாய் தோண்டினோம். இரண்டே உடுப்பு கொண்டுபோயிருந்தேன், ஒன்றைத் துவைத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு. அப்படி இருப்பது எத்தனை லேசாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். ஒருவருக்கு நாலு உடுப்பு போதும் என்று எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. பத்தொன்பது வயதில் ஞானம் பிறந்தால் சும்மா இருக்க விடாது. கடைசி நாள், வேண்டாததைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது, மிகவும் பிடித்ததைக் கொடுத்தால்தான் சரி என்று தோன்றியது. எங்களுக்குச் சமைத்துப் போட்ட வள்ளியக்கா என் உயரம்தான். அந்தப் பச்சை உடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டேனா? கல்லூரி மலருக்குத் தெலுங்கில் ஒரு கட்டுரை எழுதினேன். உடுப்பைக் குறைத்ததால் மாணவியாக நான் எப்படி வளர்ந்தேன் என்று. அலமாரி, பெருமை, முகாம், நாலு உடுப்பு, எல்லாம் எழுதினேன். நடுவில் ஒரு வாக்கியம்: வெளிநாட்டுக்குப் போனவர்கள் அன்பு காட்ட நேரமில்லாமல் அதற்குப் பதிலாகப் பொருளை அனுப்புகிறார்கள். அந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். பரிசும் கிடைத்தது.

அந்த மலரை உனக்கு அனுப்பினேன், அம்மா. உனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. படிக்க மாட்டாய், என் பெயரையும் போட்டோவையும் பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேனா, வேறு எதையாவது நினைத்தேனா? நேர்மையாகச் சொன்னால் உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. கூடவே ஒரு கேசட். அதில் பச்சை உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் துணி அனுப்ப வேண்டாம், நாலு போதும் என்று கொள்கை முடிவு எடுத்திருக்கிறேன் என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசியிருந்தேன்.

உன் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது.

"ஸ்தோத்திரம். புஸ்தகம் வந்திச்சி. இங்க கடப்பாக்காரு ஒருத்தரு டிரைவரா கீறாரு. அவருகிட்ட குடுத்து முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லா எழுதிகீறியாம். பெரிய ஆளா வருவேன்னாரு." பின்னால் எங்கேயோ வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம். "சரி கண்ணு. இனிமே துணி அனுப்பல. வேற இன்னா வேணும்னு சொல்லு."

நான் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன்.

அதற்கப்புறம் உன் கேசட்டுகள் சுருங்கிவிட்டன. நல்லா கீறியா, நான் நல்லா கீறேன், வெயில் ஜாஸ்தி, நைனாவப் பாத்துக்கோ. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் வெற்று டேப். நான் அதை வளர்ந்த மகளுக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நீ என்னோடு பேசிக்கொண்டிருந்ததே அந்தத் துணிகளைப் பற்றித்தான் என்பது எனக்குப் புரியவில்லை. முத்து பிளாஸ்டிக்கா, நீலமா ரோஸா, மேடம் என்ன சொன்னாள், கடைக்காரன் ஏன் சிரித்தான். ஊரான் வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டு, பெற்ற பெண்ணைப் பார்க்காமல் இருக்கிறவளுக்குப் பேச வேறு என்ன இருக்கும்? அந்தப் பேச்சை நிறுத்தியவள் நான். நிறுத்தியதற்குப் பரிசும் வாங்கினேன்.

போன வருஷம் உன்னை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதியிருந்ததால் உனக்குப் புதுச் சேலை கட்டிவிட முடியவில்லை. கோயில் பெண்கள் வெள்ளைச் சேலை ஒன்றை மடித்துப் பெட்டி மேலேயே வைத்தார்கள். கூட வந்த சூட்கேஸை நைனா தொடவில்லை, நான்தான் திறந்தேன். வேலைக்குப் போட்டுக்கொள்கிற நீள அங்கி மூன்று. ஒரு ஸ்வெட்டர். இங்கேயிருந்து கட்டிக்கொண்டு போன சேலை. பைபிள். வேறு துணி இல்லை. நாலு உடுப்பு போதும் என்று உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதற்குமேல் எனக்கு அந்தப் பச்சை உடுப்பு வேண்டும் என்று ஆகிவிட்டது. உன்னிடமிருந்து வந்ததில் என் அளவு தெரிந்து வந்தது அது ஒன்றுதான். பரீட்சை முடிந்த மறுநாள் திருப்பதியிலிருந்து வள்ளியக்காவின் ஊருக்குப் பஸ் ஏறினேன். மாற்றாகக் கொடுக்க ஒரு புதுச் சட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வள்ளியக்கா கரும்புக் கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தார். சேலைக்கு மேலே அந்தப் பச்சைச் சுடிதாரின் மேல்சட்டையைத்தான் போட்டிருந்தார், வயல் வேலைக்கு ஆம்பிளைச் சட்டை போடுவார்களே, அந்த மாதிரி. பச்சை வெளுத்து, பூவெல்லாம் கரைந்து, கை ஓரத்தில் வேறு துணியில் ஒட்டுப் போட்டிருந்தது.

"முகாமுக்கு வந்த குள்ளப் பொண்ணுதான நீ? இத்த பாரு, நீ குடுத்தது. இன்னும் உழைக்குது. எங்க எடுத்தது?"

"எங்கம்மா எடுத்தது, அக்கா. குவைத்துல ஒரு வீட்ல வேலை செஞ்சிக்கினு இருந்தாங்க."

விடுதியில் யார் கேட்டாலும் அம்மா குவைத்தில் கம்பெனியில் இருக்கிறார் என்றுதான் சொல்லி வந்தேன். அதையும் சேர்த்து மன்னித்துக்கொள்.

"அய்ய, அம்மா ஆசையா எடுத்ததயா தூக்கிக் குடுத்த? அவுங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல, அக்கா. போன வருசம் செத்துப் போயிட்டாங்க."

அவர் கையிலிருந்த கொடுவாளைக் கீழே வைத்தார். அந்த இடத்திலேயே பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார். "அம்மா எடுத்தத வெளிய வுடுவாங்களா? எடுத்துக்கினு போ" என்று கழற்றி நீட்டினார். அதற்காகத்தானே போயிருந்தேன். ஆனால் பையில் இருந்த சட்டையை நான் வெளியே எடுத்தபோது, மூன்று வருஷமாகக் கரும்புச் சோகை தன்னைக் கிழிக்காமல் காப்பாற்றிய அந்த உடுப்பை அவர் மடித்து என் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பையில் போட்டுக்கொள்ள வரவில்லை.

"அக்கா, ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுக் குடுத்துடட்டுமா?"

அவர் வீட்டுக்குள் போய், என் சுடிதாருக்கு மேலேயே அதைப் போட்டேன். வேர்வையும் கரும்புப் பாலுமாக வேறொருவர் வாசனை. கண்ணாடி இல்லை. வள்ளியக்காவே முன்னும் பின்னும் பார்த்து, தோளை இழுத்துவிட்டு, "உனுக்கு அளவெடுத்த மாரி கீதே" என்றார்.

அங்கே உட்கார்ந்து அழுதேன், அம்மா. உன் கேசட்டுக்குப் பதில் அவர் வாயிலிருந்து வந்ததே என்று அழுதேன். பொய்யாக இருந்தபோதெல்லாம் வாய் கூசாமல் சொன்னதை, உண்மையாக இருந்த ஒரே ஒரு தடவை சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். கரெக்டாக இருந்தது. தோள், கை, நீளம், எல்லாம். மூன்று கடை ஏறி இறங்கியது வீண் போகவில்லை.

அதைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். புதுச் சட்டையையும் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தார். பஸ் முழுக்க அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை.

இனி பீரோ. நீ பதில் சொல்லும்வரை காத்திருக்க முடியாது, ஆகவே நானே சொல்லிக்கொள்கிறேன், தப்பென்றால் திட்டு. எதையும் வெட்டிச் சிறிதாக்கப் போவதில்லை. நீ எடுத்தது உயரமான பெண்ணுக்கு, உயரமான பெண்களே போட்டுக்கொள்ளட்டும். லலிதாவுக்குக் கல்யாணம், அவளுக்கு மூன்று. நம் கோயிலில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். முன்னால் கொடுத்த மாதிரி என் பெருமைக்காக நீட்டிவிட்டு வரமாட்டேன். இது எங்கம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்து எடுத்தது, இந்த முத்து பிளாஸ்டிக்தான், கடையில் நீலமும் இருந்தது என்று முழுக் கதையும் சொல்லித்தான் கொடுப்பேன். கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் துணி கிடையாது. நைனாவிடம் இதைச் சொன்னேன். "அந்த ரோசு கவுன மட்டும் வச்சிட்டுப் போ" என்றார். சரி என்றேன். உன்னிடம் கேட்கச் சொன்னவருக்கு அவருடைய பதில் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

என்னிடம் இன்னும் நாலு உடுப்புதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றிக்கொள்ளப் போவதில்லை. கட்டுரையில் எழுதிய மாதிரி அதனால் நான் வளர்ந்துவிட்டேன் என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு நானே ஒரு உடுப்பு எடுக்கப் போகிறேன். பழையது ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாலு நாலாகவே இருக்கட்டும். எந்தக் கடை, என்ன கலர், பக்கத்தில் வேறு எது தொங்கியது, கடைக்காரர் என்ன சொன்னார், கை பத்தியதா, இடுப்பு பத்தியதா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உனக்குச் சொல்வேன். கல்லறைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேசட்டின் ஒரு பக்கம் ஆகிற அளவுக்குச் சொல்வேன். பெரிதாக இருந்தால் பெரிதாக இருக்கிறது என்றே சொல்வேன். நீ வருத்தப்படு, அம்மா. உனக்கு வருத்தப்பட இங்கேயிருந்து ஒரு விஷயமாவது வரட்டும்.

இப்படிக்கு,
நாலடிப் பத்து அங்குலத்தில் நின்றுவிட்ட,
உன் ஒரே மகள்
எஸ்தர்